எந்த ஊர் மணிக்கூட்டைக் காட்டுவது?

திருகோணமலையில் ஒருவர் காலமானால் அந்த அறிவித்தல் அன்றைக்கே ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். "இறுதிக்கிரியைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு" என்று ஒரு வரி, அதற்குக் கீழே நேரலை இணைப்பு. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அந்த 9 மணி கோடையென்றால் சனி இரவு 11.30, குளிர்காலமென்றால் சனி இரவு 10.30. அவள் ஞாயிறு விடிய எழும்பி இணைப்பைத் திறந்தால் எல்லாம் முடிந்து பல மணித்தியாலம் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்தில் நேரத்தை எப்படிக் காட்டுவது என்ற முடிவை எடுத்தவர் ஒரு மென்பொருள் எழுதுநர். அந்த முடிவின் கனம் நம் ஊரில் மென்பொருள் எழுதுபவர்களுக்கும், பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இப்போது கணினி படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

நிலாவெளிப் படகு முற்பதிவு, கோணேசர் கோயில் சிவராத்திரி நேரலை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான இணையவழி வகுப்பு, எதை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான். காட்டுவதற்கு நாலு வழி இருக்கிறது. எல்லாருக்கும் இலங்கை நேரம் காட்டலாம். எல்லாருக்கும் யூடிசி (UTC) என்ற உலகப் பொது நேரத்தைக் காட்டலாம். அவரவர் கைத்தொலைபேசி எந்த நேர வலயத்தில் இருக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டலாம். அல்லது நிகழ்விடத்தின் நேரத்தையும் வாசிப்பவரின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். என் தெரிவு நாலாவது. ஆனால் எல்லா வகை நேரத்துக்கும் அது பொருந்தாது. உள்ளே எதைச் சேமித்து வைத்திருக்கிறோம் என்பதில் பிழை விட்டால், திரையில் எந்த வழியைக் கைக்கொண்டாலும் மிஞ்சுவது பிழைதான்.

இலங்கை நேரம் மட்டும் காட்டுவது மிக இலேசு. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் கோடைகால நேரம் நம் நாட்டில் இல்லை. வருடம் முழுக்க யூடிசியை விட 5 மணி 30 நிமிடம் முன்னே நிற்கிறோம். படகுக்காரருக்கும் விடுதி முகாமையாளருக்கும் இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. ஊரில் இருப்பவர் மட்டும் திறக்கும் நிருவாகப் பக்கங்களுக்கு இதையே வைத்துக்கொள்ளலாம், வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். வெளியே இருப்பவர் வாசிக்கத் தொடங்கும்போதுதான் இந்த வழி இடறுகிறது. ரொறன்ரோவுக்கும் நமக்கும் இடையில் பத்தரை மணித்தியாலமா ஒன்பதரையா என்று அங்கே இருப்பவரே ஒவ்வொரு தடவையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. நாளும் பின்னால் போகிறது. துக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கணக்கைக் கொடுப்பது சரியல்ல. "இலங்கை நேரம்" என்ற இரண்டு சொல்லைக்கூடப் போடாமல் வெறும் "9 மணி" என்று விடும் பக்கங்களும் இருக்கின்றன. இந்தக் கட்டுரையை இதற்குமேல் வாசிக்க நேரமில்லாதவர் அந்த இரண்டு சொல்லை மட்டுமாவது சேர்த்துவிட்டுப் போகட்டும்.

யூடிசியை மனிதருக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சேர்வர் பதிவேடுகளுக்கு அது மிகச் சரி. கொழும்பில் ஒரு சேர்வர், சிங்கப்பூரில் ஒன்று என்று இருக்கும்போது எது முந்தி நடந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் யூடிசி 03:30 என்றால் எப்போது என்று உப்புவெளியிலும் தெரியாது, பாரிஸிலும் தெரியாது.

மூன்றாவது வழி இப்போது எங்கும் பரவியிருக்கிறது. இணைய உலாவியிடம் கேட்டால் பாவனையாளர் எந்த வலயத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடும். அதற்கேற்ப நேரத்தை மாற்றிக் காட்டிவிடலாம். தனக்கு மட்டும் உரிய, நடந்து முடிந்த விடயங்களுக்கு இது அருமையான வழி. "உங்கள் கட்டணம் இரவு 8.42க்குக் கிடைத்தது" என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. "5 நிமிடத்துக்கு முன்" என்று காட்டுவதும் இதே சாதிதான். அரட்டைக்கு அது போதும், பற்றுச்சீட்டுக்கு ஆகாது.

இடத்தோடு கட்டுண்ட நேரத்துக்கு இந்த வழி ஆபத்தானது. ஓகஸ்டில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு ஒன்று காலை 6 மணிக்குப் புறப்படுகிறது என்று வையுங்கள். பாரிஸில் இருக்கும் தங்கை முற்பதிவு செய்கிறாள். அவளுடைய திரையில் அதிகாலை 2.30 என்று வரும். கணக்கு நூற்றுக்கு நூறு சரி. அவள் அந்தத் திரையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்புகிறாள்: "அண்ணா, இந்த நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ." அண்ணன் 2.30 என்று வாசிக்கிறார். அதிகாலை இரண்டரைக்குப் படகா என்று சந்தேகம் வந்தால் நல்லது. பிற்பகல் 4 மணிப் பயணமாக இருந்திருந்தால் படத்தில் மதியம் 12.30 என்று இருக்கும். சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை. பிள்ளைகளோடு மூன்றரை மணித்தியாலம் வெயிலில் நிற்கவேண்டியதுதான். மென்பொருள் அந்த நேரத்தை ஒருவருக்காக மாற்றியது, வாசித்தவர் இன்னொருவர். நம்மவர்களுக்கிடையில் தகவல் இப்படித்தான் கைமாறுகிறது: கனடாவில் காசு கட்டுவார்கள், லண்டனில் ஒழுங்கு செய்வார்கள், ஊரில் இருப்பவர் போய் நிற்பார். ஆகவே திரையில் இருக்கும் நேரம் பக்கத்தை விட்டுப் பிரிந்து போனாலும் தன் ஊரைத் தன்னோடு கொண்டுபோகவேண்டும்.

இன்னொன்று. தங்கை பாரிஸில் பார்த்தபோது 2.30 என்றிருந்த அதே முற்பதிவு, அவள் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிக் கைத்தொலைபேசியைப் போட்டதும் 6.00 என்று மாறிவிடும். நேரத்தை மாற்றிவிட்டார்களோ என்று அவள் பதறுவது நியாயம்.

அதனால்தான் நாலாவது. அறிவித்தலில் முதல் வரி "ஞாயிறு காலை 9.00, திருகோணமலை நேரம்." அதற்குக் கீழே சற்றுச் சிறிய எழுத்தில் "ரொறன்ரோ நேரம்: சனி இரவு 11.30." கிழமை இரண்டிலும் கட்டாயம் இருக்கவேண்டும். வித்தியாசம் மணித்தியாலத்தில் மட்டும் இருந்தால் மனிதர் எப்படியோ சமாளிப்பார்கள். நாளே மாறும்போதுதான் தவறவிடுகிறார்கள். வாசிப்பவரும் ஊரிலேயே இருந்தால் இரண்டாவது வரி தேவையில்லை, மறைத்துவிடலாம். இதற்கு ஆகும் விலை திரையில் இன்னொரு வரி இடமும் வடிவமைப்பவரின் முணுமுணுப்பும். கொடுக்கக்கூடிய விலைதான்.

நள்ளிரவைத் தாண்டிய நேரத்தைத் தமிழில் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். நம் வழக்கில் நாள் விடியலோடு தொடங்குகிறது. சிவராத்திரி இரவில் 12.30ஐ "ஞாயிறு 12.30" என்று போட்டால் முதல் நாள் இரவா அடுத்த நாள் இரவா என்று பெரியவர்கள் கேட்பார்கள். "சனி இரவு 12.30, விடிந்தால் ஞாயிறு" என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். மென்பொருள் நூலகங்கள் இப்படித் தரமாட்டா, நாமே எழுதிக்கொள்ளவேண்டும்.

வலயத்தைச் சுருக்கெழுத்தில் காட்டவேண்டாம். ஐ.எஸ்.ரி. என்பது இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. ஊர்ப் பெயரே போதும்.

கோடைகால நேரத்துக்கு வருவோம். இங்கே பிறந்து வளர்ந்த எழுதுநருக்கு இது உடம்பில் ஏறாத விடயம், அவருடைய கணினியும் அதை ஒருநாளும் அனுபவிப்பதில்லை. எல்லா நாடும் ஒரே நாளில் மாறுவதில்லை. 2026ஐ எடுத்துக்கொண்டால் ரொறன்ரோ மார்ச் 8 அன்று மணிக்கூட்டை முன்னே தள்ளியது, லண்டனும் பாரிஸும் மார்ச் 29 அன்று. சிட்னி தென்னரைக்கோளம் என்பதால் எதிர்த்திசையில் ஏப்ரல் 5 அன்று பின்னே இழுத்தது. திரும்பி வரும்போது சிட்னி ஒக்டோபர் 4, ஐரோப்பா ஒக்டோபர் 25, ரொறன்ரோ நவம்பர் 1. ஞாயிறுதோறும் ஊர் நேரம் மாலை 6.30க்கு ஒரு குடும்பம் காணொளியில் சந்திக்கிறதென்றால், ரொறன்ரோவில் அது காலை 8 ஆகவும் 9 ஆகவும், லண்டனில் பிற்பகல் 1 ஆகவும் 2 ஆகவும், சிட்னியில் நள்ளிரவாகவும் இரவு 11 ஆகவும் மாறி மாறி வரும், மூன்றும் வேறு வேறு வாரங்களில். மார்ச்சில் மூன்று வாரமும் ஒக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் இடையில் வழக்கமான 5 மணித்தியாலம் 4 ஆகச் சுருங்கும்.

எனவே பாவனையாளரின் வலயத்தை "யூடிசி கழித்தல் 5" என்று ஓர் எண்ணாகச் சேமிப்பது தவறு. ஜனவரியில் ரொறன்ரோக்காரர் கணக்குத் தொடங்கும்போது அது சரியாக இருக்கும். ஏப்ரலில் அவருக்குக் காட்டும் ஒவ்வொரு நேரமும் ஒரு மணித்தியாலம் பிழைக்கும். சேமிக்கவேண்டியது "அமெரிக்கா/ரொறன்ரோ", "ஏசியா/கொழும்பு" என்ற வலயப் பெயர். இந்தப் பெயர்கள் ஐயானா (IANA) என்ற இணைய நிருவாக அமைப்பு வெளியிடும் நேர வலயத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். எந்த ஊரில் எந்தத் திகதியில் மணிக்கூடு எப்படி மாறியது என்ற வரலாறு அதில் இருப்பதால், பெயரை மட்டும் வைத்திருந்தால் உரிய நாளுக்கு உரிய வித்தியாசத்தை அது தந்துவிடும்.

"நமக்குத்தான் கோடைகால நேரம் இல்லையே, இலங்கைக்கு மட்டும் 5.30 என்று எண்ணாகவே போட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. 1996இல் இதே நாடு ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை மணிக்கூட்டை மாற்றியது. மழை பொய்த்து நீர்மின்சாரம் தட்டுப்பட்டதால் மே 25 அன்று யூடிசியுடனான வித்தியாசம் 6.30 ஆனது, ஒக்டோபர் 26 அன்று 6.00 ஆனது, அந்த 6.00 ஏறத்தாழ பத்து வருடம் ஓடி, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் மீண்டும் 5.30க்கு வந்தோம். திருகோணமலையின் நெட்டாங்கு ஏறத்தாழ 81.2 பாகை. சூரியக் கணக்கில் நமக்குரியது 5 மணி 25 நிமிடம். 6.30 ஓடிய அந்த மாதங்களில் உச்சிவெயில் ஏறத்தாழ பிற்பகல் ஒரு மணிக்கே வந்தது.

சாதகக் கணிப்பு மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. 2000ஆம் ஆண்டு திருகோணமலை வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைக்கு, பிறப்பு நேரத்தை 5.30 என்ற எண்ணோடு கணித்தால் அரை மணித்தியாலம் வழுவும். ஒரு லக்கினம் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் நிற்பது என்பதால், நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிப்போகும். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிற வயது. வலயப் பெயரைக் கொண்டு கணித்தால் இந்தப் பிழை வராது, ஓர் இடத்தைத் தவிர.

அந்த இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றங்களை ஏற்கவில்லை. அங்கே பழைய 5.30தான் ஓடியது. சம்பூர்ப் பக்கம் ஒரு நேரம், குடாவுக்கு இந்தப் பக்கம் நகரத்தில் இன்னொரு நேரம் என்று மக்கள் இரண்டு மணிக்கூட்டோடு வாழ்ந்தார்கள். தரவுத்தளத்தில் முழு இலங்கைக்கும் "ஏசியா/கொழும்பு" என்ற ஒரே வலயம்தான். அந்தக் காலத்தில் சம்பூரில் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்த பிறப்பு நேரத்தை எந்த நூலகமும் தானாகச் சரிசெய்யாது. 1996 மேயிலிருந்து 2006 ஏப்ரல் வரையான பிறப்பு என்றால் "எந்த நேரப்படி குறித்தது?" என்று பாவனையாளரையே கேட்கும் ஒரு பெட்டி வேண்டும். அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்; அதைக் கேட்கும் மென்பொருள்தான் இல்லை.

நடந்து முடிந்ததை யூடிசியில் சேமிப்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், நானும் அப்படித்தான். ரொறன்ரோவில் மணிக்கூடு பின்னே போகும் இரவில் 1.30 என்பது இரண்டு தடவை வரும். யூடிசியில் அவை இரண்டும் வேறு வேறு கணங்கள். ஆனால் வரப்போவதை யூடிசியில் மட்டும் சேமிப்பது வேறு கதை. 1996 ஜூன் 1 காலை 6 மணிக்கு ஒரு பூசை என்று மே தொடக்கத்தில் பதிந்திருந்தால், யூடிசியில் அது 00:30. மே 25இல் நாடு 6.30க்கு மாறிய பிறகு அதே 00:30 திரையில் காலை 7 என்று வரும். குருக்கள் 6 மணிக்குத்தான் மணி அடிப்பார். வாக்குக் கொடுத்தது ஊர் மணிக்கூட்டின் 6 மணிக்கு, யூடிசியின் ஒரு கணத்துக்கு அல்ல. ஆகவே வரப்போகும் நிகழ்வுக்கு உள்ளூர்த் திகதி, உள்ளூர் நேரம், வலயப் பெயர் மூன்றையும் சேமித்து, காட்டும்போதும் நினைவூட்டல் அனுப்பும்போதும் யூடிசியைக் கணித்துக்கொள்வதே சரி. தேடலுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் கணித்த யூடிசியைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். சட்டம் மாறினால் அதைத் திரும்பக் கணித்துவிடலாம்.

இது பழைய காலத்து ஆபத்து என்று நினைக்கவேண்டாம். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடைகால நேரத்தைத் தள்ளிப்போடுவதாகச் சில நாட்களுக்கு முன்னர்தான் அறிவித்தது. ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. நாடு இரண்டு நேரத்தில் ஓடியது. பிறகு அரசு பின்வாங்கியது. மெக்சிக்கோ 2022இல் பெரும்பாலான பகுதிகளில் கோடைகால நேரத்தைக் கைவிட்டது. எகிப்து 2023இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வலயத்தோடு கூடியது என்று பெயர் கொண்ட அதன் நேர வகை வலயத்தைச் சேமிப்பதில்லை. உள்ளே வரும்போது யூடிசிக்கு மாற்றிவிட்டு வலயத்தை எறிந்துவிடும். வலயப் பெயருக்கு அட்டவணையில் தனி நிரல் வேண்டும்.

திகதி மட்டும் உள்ளவற்றை மாற்றவே கூடாது. பிறந்தநாள், விடுதியில் தங்கும் இரவு, விரத நாள் எல்லாம் இந்த வகை. ஜாவாஸ்கிரிப்டில் 2026-04-14 என்ற திகதியை மட்டும் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். திருகோணமலையில் அது 14ஆம் திகதி காலை 5.30, ஆகவே திரையில் 14 என்றே வரும், எழுதுநர் திருப்தியோடு வெளியிட்டுவிடுவார். ரொறன்ரோவில் அதே பக்கம் 13 என்று காட்டும். கிழக்கே இருக்கும் நமக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. மேற்கே இருக்கும் உறவுகளுக்கு மட்டும் தெரியும். திதி பார்த்துச் செய்யும் ஆண்டுத் திவசம் இன்னும் வேறு. அந்தந்த ஊருக்கென்று தனியே கணிக்கவேண்டியது அது. திருகோணமலைத் திகதியை எடுத்து ரொறன்ரோவுக்கு மாற்றுவதால் சரியான நாள் கிடைக்காது.

மாற்றத்தைச் சேர்வரில் செய்வதா, கைத்தொலைபேசியில் செய்வதா? நிகழ்விட நேரத்தைச் சேர்வரிலேயே எழுத்தாக்கி அனுப்புங்கள். பழைய கைத்தொலைபேசிகளில் வலயத் தரவு வருடக்கணக்காகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கும். முதல் வரி அதை நம்பியிருக்கக்கூடாது. இரண்டாவது வரியை மட்டும் தொலைபேசி கணிக்கட்டும். வாசிப்பவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது அதற்குத்தான் தெரியும்.

வெளியிடுவதற்கு முன் கணினியின் வலயத்தை ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் மாற்றிவைத்து ஒருதடவை எல்லாப் பக்கத்தையும் பாருங்கள். ரொறன்ரோவில் 2026 மார்ச் 8 அதிகாலை 2.30 என்ற நேரமே இல்லை. அதை ஒருவர் தெரிவுசெய்தால் மென்பொருள் என்ன செய்கிறது என்று பாருங்கள். நம் ஊருக்கு 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு கழிந்து 12.15ஐக் கொடுத்துப் பாருங்கள், அன்றிரவு 12.30 ஆனதும் மணிக்கூடு 12.00க்குத் திரும்பியதால் அந்த நேரம் இரண்டு தடவை வந்தது. பிறப்புப் பதிவு என்றால் முந்தியதா பிந்தியதா என்று கேட்கவேண்டும். வலயத் தரவுத்தளம் வருடத்துக்குச் சில தடவை புதுப்பிக்கப்படும். சேர்வரின் இயங்குதளத்தில் அதைப் புதுப்பித்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிட வேண்டாம்: ஜாவா தனக்கென்று ஒரு பிரதி வைத்திருக்கும், மென்பொருளைப் பொதிசெய்து அனுப்பும் டோக்கர் படிமத்துக்குள் இன்னொரு பிரதி இருக்கும், சில நூலகங்கள் தாமே ஒன்றைச் சுமந்து வரும். குழுவில் ஒருவரின் பெயரைப் போட்டு, ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியே பார்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.